ரத்தத்தில் ஓர் ஆடிட் குறிப்பு

மேற்கு மாம்பலம் ஆரிய கவுடா ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெரு. அங்கே இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார் அந்தப் பெரியவர். வயது 74. ஏ.ஜி. ஆபீஸில் 35 வருஷம் கணக்குத் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் பால் பாக்கெட் வாங்குவது, சாயங்காலம் அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசம் இருந்தால் போய் உட்காருவது, கரண்ட் பில் வந்தால் பழைய பில்லோடு வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது என்று வாழ்க்கை நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் வழக்கமான ரத்தப் பரிசோதனைகளை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். சர்க்கரை சரியாக இருந்தது. கிரியேட்டினின் சரி. ஹீமோகுளோபின் 13.4. ஒரே ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: லிம்ஃபோசைட் 58 சதவிகிதம். 20 முதல் 40 வரை இருக்கலாம் என்று பக்கத்திலேயே போட்டிருந்தது.

ரிப்போர்ட் வந்தது மகனின் வாட்ஸ்அப்புக்கு. சோழிங்கநல்லூர் ஆபீஸிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பும்போது பார்த்தான். பஸ்ஸில் உட்கார்ந்து கூகுளில் தட்டினான். மூன்றாவது வரியிலேயே 'லுகேமியா' என்ற வார்த்தை வந்தது. அதற்கு மேல் அவன் படிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "லேப்ல மெஷின் கோளாறாம்பா. இன்னொரு தடவை ரத்தம் கொடுக்கணும்" என்றான். பெரியவர் "சரி" என்று மட்டும் சொன்னார்.

ராத்திரி பால்கனியில் நின்றுகொண்டு பெங்களூரில் இருக்கும் அக்காவிடம் போனில் பேசினான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். ஆனால் அடுக்களையில் மறுநாளைக்கு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியின் காதில் ஒரே ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. 'அடையாறு.'

அடையாறில் ஆலமரம் இருக்கிறது, பிரம்மஞான சபை இருக்கிறது, எத்தனையோ இருக்கிறது. ஆனால் சென்னை வீடுகளில் யாராவது குரலைத் தாழ்த்தி 'அடையாறு' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை. மாமி எதுவும் கேட்கவில்லை. கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, அணைந்திருந்த சுவாமி விளக்கை மறுபடி ஏற்றிவிட்டு வந்து படுத்தாள்.

மாமிக்குத் தெரிந்த ரத்தப் புற்றுநோய் சினிமாவில் பார்த்ததுதான். 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது, அதே வருஷம் 'வாழ்வே மாய'மும் வந்தது. நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் இளைஞன் இருமுவான், கண்ணீரோடு படம் முடியும். தியேட்டரில் அழுதுவிட்டு வந்த அந்தத் தலைமுறைக்கு, இந்த நோய் என்றாலே மூன்று மாதக் கெடு என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது.

சனிக்கிழமை காலையில் பெரியவர் தானே படியிறங்கி லேபுக்குப் போய் ஒரு பிரிண்ட் வாங்கிக்கொண்டு வந்தார். மேஜையில் பேப்பரை விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணக்குப் போட்டார். மொத்த வெள்ளையணுக்கள் ஒரு மைக்ரோ லிட்டருக்கு 10,900. அதில் 58 சதவிகிதம் என்றால் 6,322. எண்ணைப் பென்சிலால் எழுதி வட்டம் போட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் மெஷின் கோளாறு இல்லை என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

அன்று மத்தியானம் பீரோவிலிருந்து வங்கி டெபாசிட் ரசீதுகளை எல்லாம் எடுத்து வைத்து, நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றாள் மாமி.

"சும்மாதான். ரொம்ப நாளாச்சு பார்த்து."

அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். மகனுக்கும் தெரியும். மூன்று பேரும் மற்றவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு சனி, ஞாயிறு இரண்டு நாளும் சாம்பாரில் உப்பு கூடிப் போனதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பெரியவர் கேட்டார்: "ஏண்டா, மெஷின் கோளாறுன்னா பிளேட்லெட் மட்டும் எப்படிச் சரியா வந்தது?"

மகனுக்குப் பதில் வரவில்லை. மாமிதான் முதலில் அழுதாள். அழுது முடித்ததும், "இனிமே என்னை விட்டுட்டு யாரும் எதுவும் பேசக்கூடாது" என்று இரண்டு பேரிடமும் சொன்னாள்.

*

ரத்த நோய் நிபுணரிடம் மூன்று பேரும் சேர்ந்தே போனார்கள். அந்தப் பெண் மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பெரியவரைப் பார்த்தார். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். வயிற்றில் இடது விலாவுக்குக் கீழே அழுத்தி மண்ணீரல் தட்டுப்படுகிறதா என்று பார்த்தார். பிறகு கேள்விகள். எடை குறைந்ததா? காரணமில்லாமல் காய்ச்சல் வருகிறதா? ராத்திரி வியர்க்கிறதா?

"டாக்டர், மெட்ராஸ்ல ராத்திரி வேர்க்காதவா யாரு?" என்றாள் மாமி.

டாக்டர் சிரித்துவிட்டார். "கரண்ட் போனா வர்ற வியர்வை இல்லம்மா. ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கும்போது, படுக்கை விரிப்பை மாத்துற அளவுக்கு நனைஞ்சு போறது." அப்படி எதுவும் இல்லை.

லிம்ஃபோசைட் கூடுவதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. வைரஸ் காய்ச்சல் வந்து போனாலும் சில வாரங்களுக்குக் கூடுதலாகவே இருக்கும். அதனால் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரம் கழித்தும் எண் இறங்கவில்லை. அதன் பிறகுதான் 'ஃப்ளோ சைட்டோமெட்ரி' என்ற பரிசோதனைக்கு எழுதினார். ரத்த அணுக்களின் மேல் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் சாயங்களைக் கலந்து, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்கு முன்னால் வரிசையில் போகவிட்டு, எது எந்த வகை என்று எண்ணும் முறை இது.

முடிவு வந்தது. அதில் 'மோனோக்ளோனல் பி-செல் லிம்ஃபோசைட்டோசிஸ்' என்று இருந்தது. சுருக்கமாக எம்.பி.எல்.

"இது கேன்சரா?" நேராகக் கேட்டார் பெரியவர்.

"இல்லை சார். ஆனா ஒண்ணுமே இல்லைன்னும் சொல்ல மாட்டேன்" என்ற டாக்டர், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியில் பி-செல் என்று ஒரு வகை வெள்ளையணு இருக்கிறது. கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபாடிகளைத் தயாரிப்பது இதன் வேலை. ஒவ்வொரு பி-செல்லும் ஒவ்வொரு வகைக் கிருமியை அடையாளம் காணும். அதனால் ரத்தத்தில் அவை பல ரகமாகக் கலந்து இருக்க வேண்டும். "டிசம்பர் சீஸன்ல சபாவுக்குப் போனா ஆயிரம் பேரும் ஆயிரம் முகமாத்தானே இருப்பாங்க? உங்க ரத்தத்துல ஒரே முகம் திரும்பத் திரும்ப உட்கார்ந்திருக்கு. 3,900 தடவை."

ஏன் இப்படி ஆகிறது? எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களை உருவாக்குகிறது. வெள்ளையணுக்கள் தனிக் கணக்கு. ஓர் அணு இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் மரபணுக் குறிப்பு முழுவதும் பிரதி எடுக்கப்படுகிறது. 70 வருஷம் பிரதி எடுத்தால் எங்காவது எழுத்துப்பிழை வரத்தான் செய்யும். பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆவதில்லை. எப்போதாவது ஒரு பிழை, அந்த அணுவை அது சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் இருக்கச் செய்துவிடுகிறது. அது பெருகுகிறது, அதன் வாரிசுகளும் அதே போலப் பெருகுகின்றன.

வேறு வகை ரத்த அணுக்களிலும் இந்தக் கதை உண்டு. 2014-இல் வெளியான பெரிய ஆய்வுகள், 70 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் ரத்த அணுக்களில் இப்படி ஒரு மரபணு மாற்றம் பெருகியிருப்பதைக் காட்டின. எம்.பி.எல்.லும் அப்படித்தான். நுட்பமான கருவியால் தேடினால் 40 வயதைத் தாண்டியவர்களில் இருபதில் ஒருவருக்காவது இருக்கிறது என்று மேலை நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. வயது ஏற ஏற இது கூடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அந்த அணுக்கள் மிகக் குறைவாக இருப்பதால் கடைசி வரை தெரிவதே இல்லை.

*

"அப்ப லுகேமியாங்கிற பேச்சு எங்கேர்ந்து வந்தது?" என்று மகன் கேட்டான்.

வயதானவர்களுக்கு வரும் லுகேமியாவில் மெதுவாக வளரும் ஒரு வகை இருக்கிறது. க்ரானிக் லிம்ஃபோசைட்டிக் லுகேமியா, அதாவது சி.எல்.எல். நம் நாட்டில் இது மேலை நாடுகளைவிடக் குறைவு. அமெரிக்காவில் 77,000-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட ஒரு நீண்ட காலத் திட்டத்தில், பின்னாளில் இந்த நோய் வந்த 45 பேரின் பழைய ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். நோய் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே 44 பேரின் ரத்தத்தில் இந்த 'ஒரே முகம்' இருந்தது. 2009-இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகு, சி.எல்.எல். ஏறக்குறைய எப்போதுமே எம்.பி.எல். வழியாகத்தான் வருகிறது என்று உறுதியானது.

மாமியின் முகம் மாறியது. டாக்டர் அதைக் கவனித்துவிட்டார்.

"அம்மா, உங்க வீட்டுப் பக்கத்துலேர்ந்து ரங்கநாதன் தெருவுக்கு நடந்து போகணும்னா எப்படிப் போவீங்க?"

"மாம்பலம் ஸ்டேஷன் பாலத்துல ஏறி இறங்கிப் போவேன்."

"பாலத்துல ஏறுற எல்லாரும் ரங்கநாதன் தெருவுக்கா போறாங்க?"

"இல்லையே. பாதிப் பேர் நடுவுலயே பிளாட்ஃபாரத்துல இறங்கி ரயிலுக்குப் போயிடுவா."

"அவ்வளவுதான். சார் இப்ப பாலத்துல நிக்கிறார்."

பெரியவர் அளவுக்கு இந்த அணுக்கள் இருப்பவர்கள் 100 பேரை எடுத்துக்கொண்டால், சிகிச்சை தேவைப்படும் நிலைக்குப் போகிறவர்கள் வருஷத்துக்கு ஒருவர் அல்லது இருவர். இந்த அணுக்கள் 5,000-த்தைத் தொட்டால்தான் சி.எல்.எல். என்று பெயர். பெரியவருக்கு 3,900. இதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 2008-க்கு முன்பு, பி-செல்லைத் தனியாகப் பிரிக்காமல் மொத்த லிம்ஃபோசைட்டையே கணக்கில் எடுத்தார்கள். அப்போது இதே 6,322-ஐக் கொண்டு வந்திருந்தால், ஃபைலில் லுகேமியா என்றே எழுதியிருப்பார்கள். விதி மாறியதால் பெயர் மாறியது. ரத்தம் அதே ரத்தம்தான்.

ஏ.ஜி. ஆபீஸ்காரருக்கு இது உடனே பிடிபட்டது. "ஆடிட்ல நாங்க குறிப்பு எழுதுவோம் டாக்டர். இந்த இடத்துல ஒரு வித்தியாசம் இருக்கு, கவனிக்கவும்னு. குறிப்பு எழுதிட்டா அந்த ஆள் கையாடல் பண்ணிட்டான்னு அர்த்தம் இல்லை. ஆனா அடுத்த வருஷம் அந்தப் பக்கத்தை மறக்காம புரட்டுவோம்."

"அதேதான் சார். நானும் புரட்டுவேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை."

மகனுக்கு மனசு ஆறவில்லை. இருப்பது தெரிந்த பிறகு எதற்குக் காத்திருக்க வேண்டும், இப்போதே மருந்து கொடுத்து அழித்துவிடலாமே என்றான். எல்லாக் குடும்பமும் கேட்கிற கேள்விதான் அது. ஆரம்ப நிலை சி.எல்.எல். உள்ளவர்களிடமே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1998-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 1,500-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அறிகுறி வருவதற்கு முன்பே குளோரம்புசில் மருந்தை ஆரம்பித்தவர்கள், காத்திருந்தவர்களைவிடக் கூடுதல் நாள் வாழவில்லை. ஜோத்பூரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய டாக்டர் காந்தி ராய் 1975-இல் இந்த நோயின் நிலைகளை வகுத்தார். உலகம் முழுக்க மருத்துவர்கள் இன்றும் அந்த அட்டவணையைப் பயன்படுத்துகிறார்கள். அதில் முதல் நிலையின் எண் ஒன்று இல்லை, பூஜ்யம். ரத்தத்தில் அணுக்கள் கூடியிருக்கின்றன, வேறொன்றும் இல்லை என்பதுதான் பூஜ்யம். பெரியவர் இன்னும் அந்தப் பூஜ்யத்துக்கே வரவில்லை. ஒருவேளை வந்தாலும், 2014-க்குப் பிறகு இந்த நோய்க்கு மாத்திரையாகவே நல்ல மருந்துகள் வந்துவிட்டன.

மகன் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டான். "எனக்கு 44 வயசு. நானும் டெஸ்ட் பண்ணிக்கணுமா?" வேண்டாம் என்றார் டாக்டர். சி.எல்.எல். குடும்பங்களில் இந்த மாற்றம் சற்று அதிகமாகக் காணப்படுவது உண்மை. ஆனால் தெரிந்துகொண்டு செய்யக்கூடிய சிகிச்சை ஒன்றும் இல்லாதபோது, நன்றாக இருப்பவர்கள் இதைத் தேடிப் போய் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் இப்போதே செய்ய வேண்டிய ஒன்று இருந்தது. சபா நாற்காலிகளை ஒரே முகம் பிடித்துக்கொண்டால், மற்றவர்களுக்கு இடம் குறையும் இல்லையா? எம்.பி.எல். உள்ளவர்களுக்குப் புற்றுநோயைவிட முதலில் தொல்லை கொடுப்பது கிருமித் தொற்றுதான். நிமோனியா தடுப்பூசி, வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசி இரண்டையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். உயிருள்ள கிருமியை வைத்துத் தயாரிக்கும் தடுப்பூசி எதுவானாலும் தன்னிடம் கேட்காமல் போடக்கூடாது. காய்ச்சல் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மூன்று நாள் பார்ப்பது என்கிற வழக்கம் இனி கூடாது. கழுத்திலோ அக்குளிலோ கட்டி தெரிந்தால், எடை தானாகக் குறைந்தால், ஆறு மாதம் வரை காத்திராமல் வர வேண்டும்.

*

திரும்பி வரும்போது ஆட்டோ துரைசாமி சப்வேயில் நெரிசலில் நின்றது. அப்போதுதான் பெரியவர் பழைய ஞாபகம் ஒன்றைச் சொன்னார்.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது மேற்கு மாம்பலம் இரண்டு விஷயங்களுக்குப் பெயர் போனது. கொசு ஒன்று. அந்தக் கொசு கொண்டுவரும் யானைக்கால் இன்னொன்று. சுகாதாரத் துறை ஆட்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வருவார்கள். தூங்கும் குழந்தையை எழுப்பி, விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் கண்ணாடித் துண்டில் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் புழுவின் குஞ்சுகள் பகலில் உடம்புக்குள்ளே ஒளிந்துகொண்டு, ராத்திரியில்தான் விரல் ரத்தத்துக்கு வரும். ரத்தத்தில் புழு இருந்த எல்லோருக்கும் கால் வீங்கியதில்லை. பலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை மறுபடி குத்திப் பார்ப்பார்கள்.

"எங்க தெருவுல பாதிப் பேர் அப்படித்தான் இருந்தா. யாரும் அதுக்காக உயில் எழுதலை" என்றார்.

மாமி ஒன்றும் சொல்லவில்லை. டெபாசிட் ரசீதுகள் அன்று ராத்திரி பீரோவுக்குள் திரும்பிப் போயின.

ஆனாலும் அந்த எண் அவரை விட்டுப் போய்விடவில்லை. முதல் ஆறு மாதம் குளிக்கும்போதெல்லாம் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நடுராத்திரி எழுந்து சட்டை ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். பாதி ராத்திரியில் ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விழித்திருப்பார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று மாமி முதலில் நினைத்தாள். பேத்திக்கு வரன் பார்க்கிற நேரம். பிறகு அவளே எதிர் வீட்டு மாமியிடம், "அவருக்கு ரத்தத்துல ஒரு அணு கூடுதலா இருக்காம். நோய் இல்லையாம், பார்த்துண்டே இருக்கணுமாம்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு பாரம் கொஞ்சம் இறங்கியது போல இருந்தது அவளுக்கு.

மூன்றாவது பரிசோதனையில் 6,322 என்பது 7,140 ஆனது. அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. டாக்டரோ அதைப் பார்த்துவிட்டு, "சளி பிடிச்சிருந்ததா?" என்று கேட்டார். பிடித்திருந்தது. ஒரு தடவை ஏறினால் கவலை இல்லை, ஆறு மாதத்தில் இரு மடங்கு ஆகிறதா என்றுதான் பார்ப்போம் என்றார். அடுத்த முறை 6,480.

பெரியவர் ஒரு நீள நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு வைத்திருக்கிறார். தேதி, மொத்த வெள்ளையணு, லிம்ஃபோசைட், ஹீமோகுளோபின், பிளேட்லெட், எடை. கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'குறிப்பு'. லேபிலிருந்து வரும் ரிப்போர்ட் இப்போது முதலில் அவருடைய போனுக்குத்தான் வருகிறது. மாற்றிக் கொடுத்தது மகன்தான்.

போன மாதம் ஐந்தாவது முறை. காலையில் மாமியும் கூடவே கிளம்பினாள். அவளுக்கும் சர்க்கரை பார்க்க வேண்டியிருந்தது, நிமோனியா ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு பேரும் ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆரிய கவுடா ரோட்டில் நடந்து ஒரு ஹோட்டலில் இட்லி சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் போனில் ரிப்போர்ட் வந்தது. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தார். எண்ணை இந்த முறை சத்தமாகப் படித்துவிட்டுத்தான் எழுதினார். 6,510.

"குறிப்புல என்ன போடப் போறேள்?" என்று அடுக்களையிலிருந்து கேட்டாள் மாமி.

"மாற்றமில்லை."

"என் சர்க்கரையையும் அதுலயே ஒரு ஓரமா எழுதி வைங்கோ" என்றாள்.